முதலில் பந்தி, பிறகு விசாரிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் அண்மையில் வெளியான ஒரு கடிதத்தில், மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கிறிஸ்தவ சபையார் சோற்றுப் பொட்டலம் வழங்கியதையும், ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ரப்பர் வளையத்துக்குள் ஒரு துண்டுப் பிரசுரம் செருகப்பட்டிருந்ததையும் குறிப்பிட்டு, கிறிஸ்தவர்கள் போடும் சோற்றுக்கு எப்போதும் ஒரு விலை இருக்கிறது என்று ஓர் அன்பர் வருத்தப்பட்டிருந்தார். அதைப் படித்த எங்கள் மக்களில் சிலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டப்புறப் பட்டணம் ஒன்றில் நெடுங்காலமாகத் தமிழ்ச் சபை ஒன்றின் அங்கத்தினனாகவும், சில காலம் அதன் குழுவில் பொறுப்பு வகித்தவனாகவும் இருக்கும் எனக்கு, அவர் சொன்னதில் பாதி உண்மை என்றே பட்டது. மீதிப் பாதியை வெளியில் இருக்கும் அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. வெளியாருக்குப் பொட்டலம் கொடுக்கத் தெரிந்த நாங்கள், தாமாகவே உள்ளே வந்து உட்காருகிறவரை வரவேற்கத் தெரியாமல் விழிக்கிறோம்.

இரண்டு குறைகளுக்கும் மூலம் ஒன்றுதான் என்பது என் எண்ணம். வந்தவர் யார், எந்த ஊர், எந்த வகை ஆட்கள், நம்மோடு சேருவாரா மாட்டாரா என்று கணக்குப் பார்த்து முடித்த பிறகே நாங்கள் சோறு போடுகிறோம். அல்லது அந்தக் கணக்கை நேர் செய்வதற்காகவே சோறு போடுகிறோம். வேதாகமமும் ஆதித் திருச்சபையும் வைத்துப்போன வரிசை இதற்கு நேர்மாறானது. அங்கே பந்தி முதலில் வருகிறது, விசாரிப்பு பின்னால் வருகிறது. தோட்டப்புறத்துக் கிறிஸ்தவர்களாகிய நாம் அந்த வரிசைக்குத் திரும்ப வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

பழைய தோட்ட வாழ்க்கையில் இந்தப் பிரச்சினை இவ்வளவு வெளிப்படையாக இருந்ததில்லை. எங்கள் பக்கத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது என்றாலும், அதற்குப் பிறகும் வெகுகாலம் இது ரப்பர் என்னும் பால்மரச் சீமையாகவே இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கிலோ இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் லயத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். புதிதாக ஒரு குடும்பம் வந்து இறங்கினால், அன்று மாலைக்குள் பைப்படியில் அவர்கள் கதை முழுவதும் பேசி முடிக்கப்பட்டிருக்கும். அடுப்பு மூட்ட விறகும் ஒரு வேளைக்கு அரிசியும் பக்கத்து வீட்டிலிருந்து வந்து சேர்ந்திருக்கும். மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நிற்கும்போது அவர் பழைய ஆள் ஆகிவிட்டிருப்பார். கிறிஸ்தவக் குடும்பம் என்றால், தோட்டத்துச் சிற்றாலயத்தில் அந்த வார ஜெபத்துக்கே அவர்களுக்கு இடம் ஒதுங்கியிருக்கும். யாரும் குழு அமைத்துத் தீர்மானம் போட்டு இதைச் செய்யவில்லை. சுவரோடு சுவராக வீடுகள் ஒட்டி இருந்தன, அதனால் நடந்தது.

ஆயினும் அதைப் பொற்காலம் என்று பாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கங்காணி தன் ஊரிலும் தன் உறவிலும்தான் ஆள் சேர்த்தார். சில தோட்டங்களில் சாதிக்கு ஒரு லயம் இருந்தது. யார் வீட்டுச் செம்பில் யார் தண்ணீர் குடிப்பது என்பது எழுதாத சட்டமாக இருந்தது. ஒரே சிற்றாலயத்தில் ஒரே பாட்டைப் பாடியவர்கள், வெளியே வந்ததும் வேறு வேறு லயங்களுக்குப் பிரிந்துபோனார்கள். கப்பலேறுவதற்கு முன்பே விசாரிப்பு முடிந்திருந்ததால்தான் லயத்துக்கு வந்த பிறகு அது தேவைப்படவில்லை. நம்முடைய பழைய விருந்தோம்பலின் இந்த அடித்தளத்தையும் ஒப்புக்கொண்டால்தான் இன்றைய நிலை விளங்கும்.

ஏனென்றால் அந்த அடித்தளம் இப்போது இல்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் துண்டாடலில் தோட்டங்கள் கைமாறத் தொடங்கியபோது, 1960இல் அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்க முனைந்தார்; அந்த முயற்சியையும் மீறிப் பின்னாளில் தோட்டங்கள் பல வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. பால்மரம் போய்ச் செம்பனை நின்ற இடங்களில் ஆள் தேவை குறைந்தது. மக்கள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். தோட்டத்துச் சிற்றாலயங்கள் பூட்டப்பட்டு, அவற்றின் சபையார் பட்டணத்து ஆலயத்தில் வந்து சேர்ந்தார்கள். காலியான லயங்களில் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும், தமிழகத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்த நம் மொழிக்காரர்களும் குடியேறினார்கள். பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் சரவாக்கிலிருந்தும் சபாவிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்து வாசலில் இன்று வந்து நிற்கக்கூடியவர்கள் இவர்கள் எல்லாரும்தான். இவர்களை நமக்காக எந்தக் கங்காணியும் முன்கூட்டியே விசாரித்து அனுப்பவில்லை.

அப்படி ஒருவர் வந்தால் என்ன நடக்கிறது என்பதைச் சற்று அருகிலிருந்து சொல்கிறேன். வாசலில் வரவேற்பாளர் கைகொடுத்து, "ஸ்தோத்திரம்" சொல்லி, பாட்டுப் புத்தகம் தருகிறார். அறிவிப்பு நேரத்தில் புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஒருவர் எழுந்து நின்று தம் பெயரைச் சொல்ல, சபையார் கைதட்டுகிறார்கள். அவர் நிரப்ப வேண்டிய அட்டையில் முகவரி, தொலைபேசி எண், ஞானஸ்நானம் பெற்ற ஆண்டு, தற்போது அங்கம் வகிக்கும் சபை ஆகியவற்றுக்கு இடம் விட்டிருக்கிறது. இவ்வளவும் பிழையின்றி நடக்கும். ஆராதனை முடிந்து முன்மண்டபத்தில் தேநீரும் வடையும் பொரித்த மீகூனும் வைக்கப்பட்ட பிறகுதான் காரியம் கெடுகிறது. இந்தத் தோட்டத்தார் ஒரு மேசையிலும் அந்தத் தோட்டத்தார் இன்னொரு மேசையிலும் உட்கார்ந்துவிடுவார்கள். தோட்டமே மண்ணோடு போய்த் தாமான் எழும்பிய பின்னும் மேசை மட்டும் பிரிந்தே இருக்கிறது. எழுந்து நின்று கைதட்டல் வாங்கிய அந்த மனிதர் கையில் ஒரு தாள் குவளையோடு அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று, வாலிபர் முகாம் அறிவிப்பையும் கல்லறை துப்புரவுப் பணிக்கான பெயர்ப் பட்டியலையும் கடைசி எழுத்துவரை படித்துக்கொண்டிருப்பார். குவளை காலியானதும் போய்விடுவார். வாட்ஸ்அப்பில் மறுநாள் அவருக்கு ஒரு வசனம் அனுப்பப்படும்.

விருந்தோம்பலைப் பற்றி எழுத உட்கார்ந்த தமிழர் எவரும் அனிச்சப்பூவைத் தொடாமல் எழுந்ததில்லை, நானும் தொட்டுவிடுகிறேன். முகம் திரிந்து நோக்கினாலே விருந்தினர் வாடிவிடுவார் என்று வள்ளுவர் சொன்னார். எங்கள் மண்டபத்தில் முகம் திரிவதில்லை. முகம் வேறு பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

மேசையிலிருந்து யாராவது எழுந்து வந்து பேசினாலும் முதல் கேள்வி எப்படி அமைகிறது? உள்ளூர்க்காரர் என்றால் எந்தத் தோட்டம், யாருடைய மகன் என்று தொடங்கும். தமிழகத்துத் தொழிலாளி என்றால் நாட்டில் எந்தப் பக்கம் என்று தொடங்கி, இராமநாதபுரம் என்றோ சிவகங்கை என்றோ பதில் வந்ததும் எந்தக் கிராமம், கிராமத்தில் எந்தத் தெரு என்று இறங்கி, கடைசியில் வெளிப்படையாகக் கேட்க முடியாத ஒன்றில் போய் நிற்கும். கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். நாலாம் தலைமுறை மலேசியக் கிறிஸ்தவர் ஒருவர், தம் தாத்தா விட்டுவந்த தெருவின் கணக்கை இன்னும் ஆலய மண்டபத்தில் வைத்துக்கொண்டிருப்பது வெட்கக்கேடு. இதை எழுதுவதால் சிலர் வருந்துவார்கள் என்று அறிந்தே எழுதுகிறேன்.

தமிழ்க் கிறிஸ்தவத்தில் இந்தக் கணக்கும் சாப்பாடும் நேருக்கு நேர் மோதிய வரலாறு பழையது. 1840களின் இறுதியில் அமெரிக்க மதுரை மிஷன், தன்னிடம் வேலை செய்த உபதேசிமார் எல்லாரும், தாழ்த்தப்பட்டவர் கையால் சமைத்த உணவை ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்று அன்பின் விருந்து என்னும் சபைப் பொதுப்பந்தியையே ஒரு சோதனையாக வைத்தது. மறுத்து வேலையை விட்டுப் போனவர்களும் உண்டு. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகளின் மாநாடும், பிறர் சமைத்ததை உண்ண மறுக்கிறவர் சாதியை விட்டவர் ஆகமாட்டார் என்ற கருத்திலேயே தீர்மானம் செய்தது. வெள்ளைக்காரத் துரைமார் அதை நடத்திய கடுமையை நான் ஆதரிக்கவில்லை. சோற்றைத் தேர்வுத்தாள் ஆக்கினால் அதுவும் ஒரு விசாரணைதானே. ஆனால் ஒரு விஷயத்தை அவர்கள் சரியாகக் கண்டுகொண்டார்கள். ஒருவர் எதை விசுவாசிக்கிறார் என்பது பாட்டில் தெரிவதைக் காட்டிலும் பந்தியில் தெளிவாகத் தெரியும்.

வேதத்துக்கு வருவோம். ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தில், பகலின் உஷ்ணவேளையில் மம்ரேயின் சமபூமியில் கூடாரவாசலில் உட்கார்ந்திருந்த ஆபிரகாம், மூன்று மனிதர் நிற்பதைக் கண்டு ஓடிப்போகிறார். முதியவர் ஓடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். கால் கழுவத் தண்ணீர், மரத்தடியில் இளைப்பாற இடம், கொஞ்சம் அப்பம் என்று சொல்லி அழைத்துவிட்டு, மூன்றுபடி மாவும் இளங்கன்றும் வெண்ணெயும் பாலுமாகப் படைத்து, அவர்கள் புசிக்கும்போது தாம் அருகில் நிற்கிறார். யார் நீங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. சாப்பிட்ட பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. அதையும் வந்தவர்கள்தான் தொடங்குகிறார்கள். "அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள், அதினாலே சிலர் அறியாமல் தேவதூதரையும் உபசரித்ததுண்டு" என்று எபிரெயர் நிருபம் இதையே நினைவூட்டுகிறது. பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இடமும் கந்தையான வஸ்திரம் தரித்தவருக்குப் பாதபடியண்டையில் இடமும் காட்டும் சபையை யாக்கோபு கண்டிப்பது இன்னும் கூர்மையானது. இருக்கை காட்டும் அந்த ஒரு கணத்திலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது என்று அவர் பார்க்கிறார். எங்கள் ஆலயத்தில் டத்தோ பட்டம் பெற்ற ஒருவர் வந்தால் முதல் வரிசைக்கு எவ்வளவு விரைவில் நாற்காலி போகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு யாக்கோபின் நிருபம் முதல் நூற்றாண்டுக் கடிதமாகத் தோன்றாது.

இனி அந்த அன்பரின் குற்றச்சாட்டு. தம் மதத்தை அனுசரிக்கவும் பரப்பவும் உள்ள உரிமையைக் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு தருகிறது. முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைச் சட்டமியற்றிக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அதே பிரிவு மாநிலங்களுக்கும் தருகிறது. ஆகவே பிரசுரம் கொடுப்பது உரிமையா என்பது இங்கே கேள்வியே அல்ல. பசித்தவன் கைக்கு அதைச் சோற்றோடு சேர்த்துக் கொடுப்பது கிறிஸ்தவமா என்பதே கேள்வி. விருந்து பண்ணும்போது பதிலுக்கு உன்னை அழைக்கக்கூடிய நண்பரையும் ஐசுவரியமுள்ள அயலாரையும் அழைக்காதே, பதில் செய்ய முடியாதவர்களை அழை என்று லூக்கா 14இல் இயேசு சொல்கிறார். கைம்மாறு என்பது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆலயத்துக்கு வருகிறேன் என்ற வாக்குறுதியும் கைம்மாறுதான். அதை எதிர்பார்த்து இட்ட சோறு அந்த வசனத்தின்படி விருந்து ஆகாது.

கிறிஸ்தவத்தை வெறுத்த ரோமப் பேரரசன் ஜூலியன் 362இல் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அந்நியரிடம் காட்டும் பரிவும் இறந்தவர்களை அடக்கம் செய்வதில் காட்டும் அக்கறையும்தான் இந்த மதத்தை வளர்த்துவிட்டன என்று அவன் அதில் எரிச்சலோடு ஒப்புக்கொள்கிறான். கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளை மட்டுமல்லாமல் நம் ஏழைகளையும் ஆதரிக்கிறார்கள், நாம் ஒன்றும் செய்யவில்லை என்று குறைப்பட்டு, ஊர்தோறும் சத்திரங்கள் அமைக்கச் சொல்கிறான். பாருங்கள், விருந்தோம்பலால்தான் மதம் வளர்ந்தது என்று நம் வாசக அன்பர் இதையே எனக்கு எதிராகத் திருப்பலாம். ஆனால் ஜூலியனின் வயிற்றெரிச்சல் எதில் இருக்கிறது என்று பாருங்கள். கிறிஸ்தவர்கள் சோறு போட்ட அந்த ஏழைகள் சாப்பிட்ட பிறகும் அவனுடைய ஆட்களாகவே இருந்தார்கள். இருந்தும் மறுநாளும் அவர்களுக்குச் சோறு கிடைத்தது. விலை வைத்து விற்றிருந்தால் அவனுக்கு எரிச்சலே வந்திருக்காது.

விருந்தோம்பலின் மறுபக்கத்தை எங்கள் பிரசங்கங்கள் தொடுவதே இல்லை. அழைக்கத் தெரிந்தவனுக்கு அழைப்பை ஏற்கவும் தெரிய வேண்டும். சுவிசேஷங்களில் இயேசு விருந்து கொடுத்ததைவிடப் பிறர் வீட்டில் விருந்து உண்டதே அதிகம். சகேயுவின் வீட்டுக்குத் தாமாகவே தம்மை அழைத்துக்கொண்டார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அன்னதானப் பந்தியில் உட்காரலாமா என்ற கேள்வி எங்கள் வீடுகளில் ஆண்டுதோறும் எழுகிறது. படையல் வேறு, பக்கத்து வீட்டார் பரிமாறும் சோறு வேறு என்று ஒரு சாராரும், இரண்டும் ஒன்றே என்று இன்னொரு சாராரும் வாதிடுவார்கள். கொரிந்து சபையிலும் இதே சண்டைதான் நடந்தது. பவுல் கோவில் பந்தியைப் பற்றி எச்சரிக்கையாகவே பேசுகிறார். அதேவேளை, அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்து உனக்கும் போக மனதிருந்தால், ஒன்றையும் விசாரியாமல் உன்முன் வைக்கப்படுகிறதைப் புசி என்று 1 கொரிந்தியர் 10இல் எழுதுகிறார். போடுகிறவருக்குச் சொன்ன அதே ஒழுங்கு உண்ணுகிறவருக்கும் வருகிறது. கோவில் பந்தியைப் பற்றி அவரவர் மனச்சாட்சிப்படி முடிவெடுக்கட்டும். ஆனால் தீபாவளியன்று பக்கத்து வீட்டு அக்கா முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து கொடுக்கும்போது, முன்வாசலில் நன்றி சொல்லி வாங்கிப் பின்வாசல் வழியாக வேறு யாருக்கோ கொடுத்தனுப்பும் கிறிஸ்தவ வீடுகள் இருக்கின்றனவே, அவர்கள் எந்த வசனத்தின்படி அப்படிச் செய்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இப்படிச் செய்துவிட்டு, கிறிஸ்துமஸ் கேக்கை அவர்கள் மறுக்காமல் சாப்பிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

எங்கள் பட்டணத்தில் கிறிஸ்துமஸ் திறந்த இல்ல உபசரிப்பு நன்றாகவே நடக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். முஸ்லிம் சக ஊழியர்களுக்காக ஹலால் சமையல்காரரிடம் உணவு எடுப்பதும், இந்து அண்டை வீட்டாரை எண்ணி மாட்டிறைச்சியைத் தவிர்ப்பதும், சைவ உணவைத் தனி மேசையில் தனிக் கரண்டியோடு வைப்பதும் நம் மக்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வந்தவர் யார் என்று அன்று யாரும் கேட்பதில்லை. கூட்டத்தோடு கூட்டமாக முன்பின் தெரியாதவரும் சாப்பிட்டுப் போவார். ஆண்டுக்கு ஒருநாள் இது கைகூடுகிறது என்றால் மற்ற ஞாயிறுகளில் கைகூடாததற்குத் திறமையின்மை காரணம் அல்ல.

எல்லாரையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள்ளச் சொல்கிறாரா இவர் என்று சிலர் கேட்பார்கள். கேட்பது நியாயமே. மருத்துவமனைக்குப் போகப் பேருந்துக் காசில்லை என்ற ஒரே கதையை வாரத்துக்கு ஒரு சபையில் சொல்லிக் காசு வாங்கிப்போகிறவர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. ஆதித் திருச்சபைக்கும் இந்தத் தொல்லை இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த திதாக்கே என்னும் ஒழுங்கு நூல், கர்த்தரின் நாமத்தில் வருகிற எவரையும் ஏற்றுக்கொள்ளுங்கள், அதன்பின் சோதித்து அறிந்துகொள்வீர்கள் என்கிறது. வழிப்போக்கர் என்றால் இரண்டு நாள், தேவைப்பட்டால் மூன்று நாள் தங்கலாம். உங்களோடே குடியிருக்க விரும்பினால் தொழில் தெரிந்தவர் உழைத்துச் சாப்பிடட்டும். அதற்கும் இணங்காதவர் கிறிஸ்துவைக் காட்டிப் பிழைக்கிறவர், அவரிடம் எச்சரிக்கையாய் இருங்கள். எவ்வளவு நடைமுறை ஞானம்! விசாரிப்பு வேண்டாம் என்று அந்த நூல் சொல்லவில்லை, அதை இரண்டாம் இடத்தில் வைக்கிறது. ஆகவே சோறு எல்லாருக்கும் உண்டு, பணம் குழுவைக் கேட்டே கொடுக்கப்படும் என்று ஒரு சபை பிரித்துக்கொண்டால் அதில் தவறில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பொறுப்பைப் புதிதாக வந்தவரிடம், அவர் எவ்வளவு இனிமையானவராக இருந்தாலும், உடனே ஒப்படைக்கக் கூடாது. தங்குமிடம் கொடுப்பதில் குடிநுழைவுச் சட்டம் கடுமையானது. ஆவணமில்லாதவர்களைத் தங்கவைப்பது குற்றம் என்பதால், அதைத் தனியொருவர் இரக்கப்பட்டு முடிவு செய்யாமல் சபைக் குழு வழக்கறிஞரைக் கேட்டே செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விருந்தோம்பல் என்று ஆண்கள் பிரசங்கம் செய்தால் அதன் பாத்திரங்களைப் பெண்கள் கழுவுகிறார்கள். "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்" என்று பேதுரு எழுதியதிலிருந்தே அந்தக் காலத்திலும் முறுமுறுப்பு இருந்தது தெரிகிறது. முறுமுறுத்தது யார் என்பதை ஊகிப்பது கடினமல்ல. மார்த்தாளை ஆண்டவர் கடிந்துகொண்டதைப் பிரசங்கிக்கும் போதகர்கள், அன்றைக்கு அந்த வீட்டில் சமைத்து முடித்தது யார் என்பதைச் சொல்வதில்லை. ஞாயிறு பந்தியைப் பெண்கள் ஐக்கியத்தின் தலையில் மட்டும் கட்டினால் சில மாதங்களில் அது நின்றுபோகும், நியாயமாகவே நின்றுபோகும். எங்கள் சபையில் ஆண்கள் குவாலிச் சட்டியைத் தேய்க்கத் தொடங்கிய பிறகுதான் மாதாந்தரப் பந்தி தொடர்ந்து நடக்கிறது. சோறு, ஒரு குழம்பு, ஒரு பொரியல், அப்பளம் என்று குறைத்துக்கொண்டதும் உதவியது. பிரியாணி போட்டால்தான் விருந்து என்ற எண்ணமே பாதி வீடுகளின் கதவைப் பூட்டி வைத்திருக்கிறது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, மொராவியர் என்னும் சபையாரிடமிருந்து கற்றுக்கொண்ட அன்பின் விருந்தில் ரொட்டியும் தண்ணீரும் மட்டுமே இருந்தன. அதைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் தங்கள் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டார்கள். மெதடிஸ்டாக இருந்தாலும் லூத்தரனாக இருந்தாலும் பெந்தெகொஸ்தாக இருந்தாலும் தோட்டப்புறச் சபைகளுக்கு இது எட்டாத காரியம் அல்ல. பொட்டலத்தை நிறுத்திவிட்டுப் பந்தி போடலாம். பரிமாறுகிறவரும் அதே பந்தியில் உட்கார்ந்து உண்ணலாம். மேசைகளை நீளமாக ஒன்றாய்ச் சேர்த்துவிட்டால் எந்தத் தோட்டத்து மேசை என்ற பேச்சே எழாது. அறிவிப்பு நேரத்தில் புதியவரை எழுப்பி நிறுத்துவதையும், ஞானஸ்நான ஆண்டைக் கேட்கும் அட்டையையும் விட்டுவிடலாம். மூன்றாவது முறை வரும்போது பெயரோடு சேர்த்து எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது, ஆலய மண்டபத்தோடு நிற்காமல் வீட்டுக்கு அழைப்பது. மண்டபத்தில் சாப்பிட்டவர் சபையின் விருந்தாளி. வீட்டில் சாப்பிட்டவரை மறுவாரம் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் தனியே நிற்கவிட நம் பிள்ளைகளே சம்மதிக்க மாட்டார்கள்.

எங்களுக்கு இன்னும் வழி தெரியாதது ஒன்று உண்டு. தோட்டத்து லயங்களில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆகிவிட்டாலும், ஊருக்கு அனுப்பியது போக மிச்சத்தில் வாடகைக் கார் பிடித்துப் பட்டணத்துக்கு வந்து திரும்புவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஞாயிறு காலையில் அந்தச் செம்மண் பாதைக்குள் பேருந்தும் வராது. சபை வேனை அனுப்பலாம் என்றால், தோட்டத்து நுழைவாயிலில் காவலர் நிறுத்தி, யார், எதற்கு, யாரை ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்கிறார். நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அவர்களுடைய தயக்கமும் புரிகிறது. ஆட்களுக்குப் பொறுப்பு அவர்கள்தான். பேராக்கிலோ கெடாவிலோ ஜொகூரிலோ உள்ள சபைகள், கோவில்கள், பள்ளிவாசல்கள் எவையேனும் தோட்ட நிர்வாகத்தோடு இதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தால், அனுமதி எப்படிப் பெற்றார்கள், கடிதத்தில் என்ன உறுதி கொடுத்தார்கள் என்பதைத் தங்கள் நாளிதழின் வழியாகத் தெரிவித்தால் எங்களைப் போன்ற சிறு சபைகளுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினர் ஒருவர்,
கோலசிலாங்கூர் மாவட்டம், சிலாங்கூர்.